டாக்டர் அர்சாபேவை யாரும் தேடவில்லை

மலைமேல் இருக்கும் லா பாஸ் நகரத்தில் சான் பெலாயோ குடியரசுக்கு எதற்காக ஒரு தூதரகம் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அங்கே இருபத்தாறு வருஷமாகச் செயலாளராக இருந்த காசில்டா உரியோஸ்தேவுக்கும் தெரியாது. சான் பெலாயோ கரீபியக் கடலில் ஒரு சின்னத் தீவு. ஜாதிக்காய் விளையும். முதல் தூதர் மலைநாட்டுக்காரர்களுக்கு ஜாதிக்காய் பழக்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு வந்தார். மூன்று மூட்டை விற்றார். நான்காம் மாதம் மூச்சுத் திணறி ஊர் திரும்பினார். அவருக்குப் பின் வந்தவர்கள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் தூதரகத்துக்கு வேலை இருந்தது. காரணம், அதன் மதில்சுவர். மற்ற நாட்டுத் தூதரகங்கள் எல்லாம் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி மேலே கண்ணாடித் துண்டு பதித்திருந்தன. சான் பெலாயோவின் சுவர் தலையளவுதான். உயர்த்திக் கட்ட அனுமதி கேட்டு ஒவ்வொரு தூதரும் ஊருக்கு எழுதுவார், பதில் வருவதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார். அதனால் அந்த ஊரில் ஆட்சி கவிழும்போதெல்லாம், கவிழ்ந்தவர்கள் நேராகத் தூதரகம் இருந்த சோபோகாச்சி மேட்டுக்கு ஓடிவந்து அந்தச் சுவரைத் தாண்டினார்கள். உள்ளே குதித்துவிட்டால் போலீஸ் தொடமாட்டார்கள். கொஞ்ச நாளில் புது அரசாங்கம் ஒரு பாதுகாப்புச் சீட்டு கொடுக்கும். அதைக் காட்டி விமானம் ஏறி வெளிநாட்டுக்குப் போய்விடலாம்.

காசில்டா தன் காலத்தில் ஐம்பத்துமூன்று பேரை அப்படி ஏற்றி அனுப்பியிருந்தாள். ஒரு வருஷம் துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் ஒரே மாதத்தில் உள்ளே வந்து சேர்ந்து, குளியலறை முதலில் யாருக்கு என்று கைகலப்பு வரை போனார்கள். அதிலிருந்து குளியலறைக் கதவில் நேரப்பட்டியல் ஒட்டிவைத்திருந்தாள்.

அந்த வருஷத்தின் இரண்டாவது ஆட்சிக் கவிழ்ப்பு ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது. ரேடியோவில் பாட்டு நின்று ராணுவ பேண்டு வாசிக்கத் தொடங்கியதுமே காசில்டா சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"எவரிஸ்தா, சூப்புல உருளைக்கிழங்கக் கூட்டிப் போடு."

"எத்தனை பேருக்கும்மா?" என்றாள் சமையல்காரி எவரிஸ்தா, கத்தியை நிறுத்தாமல்.

"போன தடவை ஒம்போது பேரு. ஒரு பன்னெண்டுன்னு வச்சுக்க."

தூதர் தன் நாட்டில் ரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பில் இருந்தவர் அன்செல்மோ என்கிற நாற்பது வயதுக்காரர். வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. மூச்சுத் திணறலுக்குக் குடிக்கிற கோக்கா இலைத் தேநீரோடு மாடிப்படியில் நின்றிருந்தார்.

"சுடுவாங்களா, காசில்டாம்மா?"

"மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் சத்தம் கேக்கும் சார். சாயந்தரம் ரொட்டிக் கடை திறந்துடுவாங்க. மெத்தைய வெயில்ல போடணும், ஒரு கை பிடிங்க."

பன்னிரண்டு மெத்தைகள் முற்றத்தில் காய்ந்தன. வந்தது ஒரே ஒருவர்.

பகல் பதினொன்றரைக்குச் சுவருக்கு மேலே முதலில் ஒரு பெட்டி தெரிந்தது. அப்புறம் ஒரு தொப்பி. அப்புறம் அறுபதைத் தாண்டிய ஒரு முகம், வேர்த்து வழிந்துகொண்டு. ஒரு காலைத் தூக்கிச் சுவர்மேல் போட்டவர், இந்தப் பக்கமும் வராமல் அந்தப் பக்கமும் போகாமல் குதிரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

காசில்டா ஓடினாள். "ஐயா, கேட்டு திறந்துதான் இருக்கு. அப்படியே நடந்து வாங்களேன்."

"கேட்டு வழியா வர்றவன் விருந்தாளி, அம்மா," என்றார் அவர் மேல்மூச்சு வாங்க. "சுவர் ஏறி வர்றவன்தான் தஞ்சம் கேக்கிறவன். எனக்குச் சட்டம் தெரியும்."

சொல்லிவிட்டுக் குதித்தார். கால்சட்டை சுவரிலேயே கொஞ்சம் தங்கிவிட்டது.

அவர்தான் டாக்டர் தெயோஃபிலோ அர்சாபே. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, வக்கீல் படிப்பு. கவிழ்ந்த அரசாங்கத்தில் கடல் விவகாரத் துணைச் செயலராகப் பத்தொன்பது நாள் இருந்தவர். கடற்கரையை ஒரு போரில் பறிகொடுத்து நூறு வருஷம் ஆன நாடு அது. ஆனாலும் கடலுக்குக் கப்பற்படை உண்டு, கொடி உண்டு, வருஷா வருஷம் ஊர்வலம் உண்டு. துணைச் செயலர் மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

காசில்டா பதிவேட்டைத் திறந்தாள். "எதுக்காக உங்களத் தேடறாங்க, டாக்டர்?"

"எதுக்காகத்தான் தேடமாட்டாங்க! கடல் என் கையில இருந்துது!"

அப்படியே எழுதிக்கொண்டாள். வேறு யாரும் வரவில்லை. எவரிஸ்தாவின் சூப்பை மூன்று நாள் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அன்செல்மோ முறைப்படி வெளியுறவு அலுவலகத்துக்குப் பாதுகாப்புச் சீட்டு கேட்டுக் கடிதம் எழுதினார். டாக்டர் அர்சாபே மாடி அறையில் குடியேறினார். பெட்டியிலிருந்து இரண்டு சட்டை, ஒரு சட்டப் புத்தகம், ஒரு பெரிய பித்தளைத் தொலைநோக்கி ஆகியவை வெளியே வந்தன. காலை எழுந்ததும் பால்கனியில் நின்று தொலைநோக்கியால் தெருவைப் பார்ப்பார், தனக்குக் காவல் போட்டிருக்கிறார்களா என்று. எதிர்ச்சாரியில் ஒரு போலீஸ்காரர் நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? ஆள் போட்டுட்டாங்க!"

"அது ரொட்டிக் கடை வரிசையப் பாத்துக்க நிக்குது, டாக்டர்," என்றாள் எவரிஸ்தா. "கடை மூடினதும் போயிடும்."

கடை மூடியதும் அது போய்விட்டது.

ஆறாம் நாள் செய்தித்தாளில் தேடப்படுபவர்களின் பட்டியல் வந்தது. எண்பத்துமூன்று பெயர். டாக்டர் அர்சாபே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 'அ'விலிருந்து படித்தார். இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று கடைசி வரை படித்தார். அங்கேயும் இல்லை. ஆனால் நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"கல்லிசாயா!" என்று கத்தினார். "என் டிரைவர் கல்லிசாயா பேரு இருக்கு! என் பேரு இல்ல!"

"அவரு டிரைவர் சங்கத்துல செயலாளரு, டாக்டர்," என்றாள் காசில்டா மெதுவாக. "அதனால இருக்கும்."

"அவன் கார்தானே ஓட்டினான்? பின்னால உக்காந்திருந்தது யாரு?"

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் பால்கனியிலிருந்து தெருவைப் பார்த்துக் கையை வீசி அரைமணி நேரம் பேசினார். கொடுங்கோன்மையைப் பற்றி நல்ல பேச்சு. கீழே நின்ற இரண்டு பெண்கள் கடைசி வரை கேட்டுவிட்டு, வீடு ஏலத்துக்கு வருகிறதா, எத்தனை அறை என்று காசில்டாவிடம் விசாரித்துப் போனார்கள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அன்செல்மோ அதை உரக்கப் படித்தார்: 'மேற்படி குடிமகன்மீது எந்த வழக்கும் ஆணையும் கிடையாது. அவர் விரும்பிய இடத்துக்கு விரும்பிய நேரத்தில் போகலாம். இதற்குச் சீட்டு எதுவும் தேவையில்லை.'

"நல்ல சேதிதானே, டாக்டர்," என்றார் அன்செல்மோ.

"என்ன நல்ல சேதி? பொறி வைக்கிறாங்க. நான் வெளியில கால் வச்சதும் அமுக்கிடுவாங்க."

"அப்படீன்னா ஒரு தடவை வச்சுப் பாருங்களேன்," என்றாள் எவரிஸ்தா சமையலறையிலிருந்து.

அவர் வைக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. தானே தேய்த்துப் பழக்கமில்லாததால் சட்டைகளைக் காசில்டாவிடம் கொடுத்தார். எவரிஸ்தாவுக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்தார். அன்செல்மோவின் கடிதங்களில் கமா திருத்தினார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு நாளும், தன்னை ஏன் பட்டியலில் விட்டார்கள் என்பதற்குப் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்.

அவர் மனைவி பெர்த்தா, ஊரார் மரியாதையாகச் சொல்வதுபோல் டோன்யா பெர்த்தா, ஒரு திங்கட்கிழமை கேட்டைத் திறந்துகொண்டு சாதாரணமாக நடந்து உள்ளே வந்தாள். கையில் துவைத்த காலுறைகள். கட்டையான உருவம், கணீரென்ற குரல்.

"ஏங்க, வீட்டுக் குழாய் ஒழுகுது. எப்ப வர்றீங்க?"

"பெர்த்தா, நான் தேடப்படுற ஆளு."

"நான்தான் தேடிக்கிட்டிருக்கேன். வேற யாரு தேடறா? உங்க ஆபீஸ்லேருந்து ஒரு ஆளு வந்தான். பயந்துபோய்க் கதவத் திறந்தா, பீரோ சாவி எங்கன்னு கேக்கறான். வேற ஒண்ணும் கேக்கல."

டாக்டர் அர்சாபே திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

டோன்யா பெர்த்தா வெளியே போகும்போது காசில்டா கேட்டு வரை கூட வந்தாள். "எங்க மேலிடத்துலேருந்து தந்தி வந்திருக்கு, டோன்யா பெர்த்தா. யாரும் துரத்தாத ஆளுக்குத் தஞ்சம் தரமுடியாதாம். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடச் சொல்றாங்க. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொன்னா…"

டோன்யா பெர்த்தா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் முதல் தடவையாக இறங்கியது.

"அவருக்குப் போலீஸ் பயம்லாம் கெடையாதும்மா. உங்க நாடு கடல் நடுவுல இருக்கில்ல? அதான்."

காசில்டாவுக்குப் புரியவில்லை.

"முப்பது வருஷமா கடல் விவகாரம்தான் அவருக்கு. எழுத்தராச் சேந்தாரு. புத்தகம் எழுதினாரு, ஊர்வலத்துல கொடி பிடிச்சாரு, கடைசியில பத்தொம்போது நாளு துணைச் செயலரு. இந்த மனுஷன் கடலப் பாத்ததில்ல. ஒரு தடவை கூட. போக வாய்ப்பு வந்தப்பல்லாம் ஏதாவது ஒரு ஆட்சி விழுந்துடும். இப்ப விழுந்தது நல்லதாப்போச்சு, இதை வச்சுப் போயிடலாம்னு பாக்கறாரு. வெளியில சொன்னா வெக்கம்."

அவள் போன பிறகு காசில்டா மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்துமூன்று பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறாள். அத்தனை பேரும் இங்கிருந்து தப்பிக்கப் போனார்கள். ஓர் இடத்துக்குப் போகவேண்டும் என்று போனவர் ஒருவரும் இல்லை. அதை நினைத்ததும் அவளுக்கு அந்தக் கிழவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், இதை முதலிலேயே சொல்லவில்லையே என்ற தாங்கமுடியாத எரிச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தாள்.

வெளியுறவு அலுவலகத்தில் பாதுகாப்புச் சீட்டு எழுதுகிறவர் டோன் எர்மினியோ ரோகபாதோ. எந்த ஆட்சி விழுந்தாலும் அவர் நாற்காலி விழாது, ஏனென்றால் அந்தச் சீட்டை எழுத வேறு யாருக்கும் தெரியாது. காசில்டாவும் அவரும் இருபது வருஷமாகத் தொலைபேசியில் பேசிப் பழகியவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

"இத போன்ல பேச முடியாது, டோன் எர்மினியோ," என்றாள். "நேர்ல வர்றீங்களா?"

மறுநாள் பத்து மணிக்குச் சதுக்கத்துக்குப் பின்னாலிருந்த, சல்தேன்யா என்கிற இறைச்சிப் பலகாரம் விற்கும் கடையில் சந்தித்தார்கள். தொலைபேசியில் அத்தனை கம்பீரமாகக் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர் அவள் தோளுக்குத்தான் வந்தார். சல்தேன்யாவைக் கடித்தால் உள்ளிருக்கும் குழம்பு சட்டையில் வழியும் என்று கைக்குட்டையைக் கழுத்தில் செருகியிருந்தார்.

காசில்டா விஷயத்தைச் சொன்னாள். "ஒரே ஒரு பேரு. பட்டியல்ல கடைசியில சேத்துடுங்களேன்."

எர்மினியோ சிரித்ததில் குழம்பு கைக்குட்டையில் தெறித்தது. "பட்டியல்ல சேர்றது அவ்வளவு லேசுன்னு நெனச்சீங்களா? அதுக்குச் சிபாரிசோட நிக்கறாங்கம்மா! இன்னிக்குத் தேடப்பட்டவன்தான் நாளைக்கு அமைச்சர். ஒரு செனட்டர் தன் மருமகனைச் சேக்கச் சொல்லி மூணு கடிதாசு எழுதிட்டாரு. இன்னும் இடம் கெடைக்கல."

"அப்ப வேற வழியே இல்லியா?"

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "ஆபீஸ்லேருந்து ஏதாவது எடுத்துட்டு வந்திருக்காரா? பீரோ காலியா இருக்குன்னு சொன்னாங்க."

"ஒரு தொலைநோக்கி இருக்கு. பித்தளை. இவ்வளவு நீளம்."

"ஆகா!" என்று எர்மினியோ கடைசித் துண்டைக் கீழே வைத்தார். உடனே முகம் சுருங்கியது. "ஆனா களவுன்னு எழுத முடியாது. களவு சாதாரணக் குற்றம். அப்படி எழுதினா உங்க தூதரகமே பிடிச்சுக் குடுக்கணும். அரசியல் குற்றமா இருக்கணும்… அத வச்சு அவரு என்ன பாக்கறாரு?"

"ரொட்டிக் கடை வரிசைய."

"ரொட்டிக் கடைக்குப் பின்னால என்ன இருக்கு?"

காசில்டா கொஞ்சம் யோசித்தாள். "ராணுவ பேண்டு ஒத்திகை பாக்கிற கொட்டகை."

டோன் எர்மினியோ கைக்குட்டையைக் கழுத்திலிருந்து உருவி வாயைத் துடைத்துக்கொண்டார். இருபது வருஷம் மற்றவர்களுடைய குற்றங்களையே படியெடுத்து எழுதியவருக்குச் சொந்தமாக ஒன்று எழுத வாய்ப்பு வந்திருந்தது. கண் பளபளத்தது.

"ஒரு நிபந்தனை," என்றார். "தொலைநோக்கி திரும்பி வரணும். என் கணக்குல ஒட்டடைக் கம்பு தொலைஞ்சாக்கூட நான் பதில் சொல்லணும்."

வியாழக்கிழமை மத்தியானம் ஆணை வந்தது. அன்செல்மோ அதை மெதுவாகப் படித்தார்: 'முன்னாள் துணைச் செயலர் தெயோஃபிலோ அர்சாபே, தேசத்தைத் தொலைவிலிருந்து கவனிக்கக்கூடிய கருவி ஒன்றைக் கைவசம் வைத்து, ஆயுதப்படைகளின் அசைவுகளைப் பலநாள் தொடர்ந்து கண்காணித்தமைக்காக…'

டாக்டர் அர்சாபே எழுந்து நின்றார்.

"உளவா? என்மேல உளவுக் குற்றமா?"

"ஆமா, டாக்டர்."

"எத்தனை வருஷம் போடுவாங்க?"

"நிரூபிச்சா பன்னெண்டுன்னு எழுதியிருக்கு."

"பன்னெண்டு!" என்றார் அவர். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "கல்லிசாயாவுக்கு எத்தனை?"

"நாலு," என்றாள் காசில்டா. அது அவளுக்குத் தெரியாது, சும்மா சொன்னாள்.

அவர் அன்று இரண்டு தட்டு சூப் குடித்தார். எவரிஸ்தாவின் இரண்டு கைகளையும் பிடித்து, தன் வாழ்நாளில் இப்படி ஒரு சூப் குடித்ததில்லை என்றார். நான்கு வாரமாக அதையேதான் குடித்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புச் சீட்டு ஆணையோடேயே இணைத்து வந்திருந்தது. கவனித்துப் படித்திருந்தால், தேடுகிற ஆணையிலும் போகவிடுகிற சீட்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே மை என்பது தெரிந்திருக்கும். டாக்டர் அர்சாபே கவனிக்கிற நிலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கொடி கட்டிய கார் தயாராக நின்றது. தொலைநோக்கியைச் சாட்சிப் பொருள் என்று சொல்லிக் காசில்டா முன்பே வாங்கிவைத்திருந்தாள். டாக்டர் அர்சாபே பெட்டியோடு படியிறங்கும்போது கேட்டு திறந்தது. டோன்யா பெர்த்தா இரண்டு கையிலும் இரண்டு பெட்டியோடு வந்தாள்.

"என்ன இது?" என்றார் அவர்.

"துணைக்கு வர்றவங்களுக்கும் சீட்டு உண்டாமே. காசில்டாம்மா சொன்னாங்க."

"பெர்த்தா, நான் நாடு கடந்து போறேன். உல்லாசப் பயணம் இல்ல. நீ எதுக்குக் கஷ்டப்படணும்? குழாய் வேற ஒழுகுது."

"குழாயத் தங்கச்சிகிட்ட ஒப்படைச்சாச்சு." அவள் பெட்டிகளைக் கீழே வைத்தாள். "கடல் கடல்னு முப்பது வருஷம் என் காதுல ஊதினீங்க. நான் மட்டும் பாத்திருக்கேனா?"

டாக்டர் அர்சாபே குனிந்து, அவளுடைய பெட்டிகளில் கனமானதை எடுத்துக் காருக்குக் கொண்டுபோனார்.

மேலே எல் ஆல்ட்டோவில் விமான நிலையம். காற்று ஊசியாகக் குத்தியது. சீட்டைச் சரிபார்த்த ராணுவ அதிகாரி ஆணையை இரண்டு தடவை படித்துவிட்டு, எதிரே நின்ற கிழவரைத் தலையிலிருந்து, எவரிஸ்தா ஒட்டுப்போட்டுக் கொடுத்த கால்சட்டை வரை பார்த்தார்.

"உளவாளி இவரா?"

"நானேதான்," என்றார் டாக்டர் அர்சாபே நெஞ்சை நிமிர்த்தி. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து முன்னால் நீட்டினார்.

"ஏங்க, அவரு போகச் சொல்றாரு," என்றாள் டோன்யா பெர்த்தா. "கைய மடக்குங்க. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அதற்கு டாக்டர் அர்சாபே கப்பற்படை முறையில் பதில் சல்யூட் அடித்தார். விமானம் கிளம்பும் வரை காசில்டாவும் அன்செல்மோவும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள். அன்செல்மோ மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "இந்த வேலைக்குப் பேரு என்னம்மா? இதை நான் ஊருக்கு அறிக்கையில என்னன்னு எழுதறது?"

"'பாதுகாப்பா அனுப்பிவைக்கப்பட்டார்'னு எழுதுங்க சார். இருபத்தாறு வருஷமா நான் அப்படித்தான் எழுதறேன்."

ஏழு மாதம் கழித்து அந்த அரசாங்கமும் போயிற்று. அந்தத் தடவை சுவர் தாண்டி நான்கு பேர் வந்தார்கள், எல்லோரும் ஒழுங்காகப் பட்டியலில் இருந்தவர்கள். சீட்டு விஷயமாக டோன் எர்மினியோவிடம் தொலைபேசியில் பேச வேண்டியது எல்லாவற்றையும் காசில்டா இப்போது சல்தேன்யா கடையில்தான் பேசினாள். பேச ஒன்றும் இல்லாத வாரங்களிலும் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் சான் பெலாயோவிலிருந்து டோன்யா பெர்த்தாவின் கடிதம் வந்தது. காசில்டா அதைச் சமையலறையில் உட்கார்ந்து எவரிஸ்தாவுக்குப் படித்துக் காட்டினாள்.

'முதல் நாள் கடற்கரையில் அவர் ஒன்றுமே பேசவில்லை. சாயங்காலம் வரை நின்றார். எனக்குப் பயமாகப் போய்விட்டது, மயக்கமா என்று கேட்டேன். இவ்வளவு சத்தம் போடும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லையே என்றார். இப்போது தினமும் போகிறார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவுக்கு இறங்குவார். அலை வந்தால் ஓடிவந்துவிடுவார். புது அரசாங்கம் பழைய வேலையைத் திரும்பத் தருகிறேன் என்று எழுதியது. பதவி உயர்வோடு. கடல் இங்கே இருக்கும்போது அதன் துணைச் செயலர் அங்கே என்ன செய்வது என்று பதில் போட்டுவிட்டார். இங்கே பள்ளிக்கூடத்தில் மலைகளைப் பற்றிப் பாடம் சொல்லித் தருகிறார். மலை வழியாக எல்லை தாண்டித் தப்பித்து வந்த கல்லிசாயா மூன்று தெரு தள்ளி இருக்கிறான், டாக்ஸி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சீட்டாடுகிறார்கள். நான் நீச்சல் கற்றுக்கொண்டேன்.'

எவரிஸ்தா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்தம்மாவா? நீச்சலா? எந்த வயசுல!"

"அம்பத்தெட்டு."

"அங்க சமையலுக்கு ஆள் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கம்மா."

"சும்மா போக முடியாதுடி. உன்ன யாராவது துரத்தணும்."

"என் மாமியார் துரத்தறாங்கன்னு ஒரு ஆணை எழுதச் சொல்லுங்க, உங்க எர்மினியோகிட்ட," என்றாள் எவரிஸ்தா. "அவங்க கையெழுத்துப் போட ரெடியா இருப்பாங்க."

காசில்டா சிரித்துக்கொண்டே பேனாவைத் தேடினாள்.